வரைபடம் மூடிய கடை

காய்ந்துபோன மாலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு புது ஜோடி என் அக்காவின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. மாப்பிள்ளை கையிலிருந்த போனைப் பார்ப்பார், கடையைப் பார்ப்பார், திரும்பவும் போனைப் பார்ப்பார். உள்ளே ஆறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வடைச் சட்டியின் வாசனை தெருமுனை வரைக்கும் போகிறது. அப்படியிருந்தும் அவர் என்னிடம், "அண்ணா, இந்தக் கடை இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அது புரட்டாசி சனிக்கிழமை. திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம் ஆகவேண்டி மாலை போட்டுச் சுற்றுகிறவர்கள், ஆன பிறகு அதே மாலையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஜோடியாக வருவார்கள். இவரும் அப்படி வந்தவர்தான். "போன தடவ வந்தப்ப இங்கதான் சாப்பிட்டேன். இவங்களுக்கும் காட்டலாம்னு மேப்புல தேடினேன். நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு காட்டுது. சரி, எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்றார். போனை என் பக்கம் திருப்பினார். கடையின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"இன்னாடா கேக்கறாங்க?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, ரெண்டு இலை போடு" என்றேன். எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அந்த எரிச்சல் தை மாதம் வரைக்கும் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

கடையை ஆரம்பித்தவர் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற சந்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் போகிறவர்கள் கண்ணுக்குப் படாத ஒரு இடம். காலையில் டிபன், மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, புரட்டாசியில் மட்டும் மீன் கிடையாது. ஆடி மாதம் ஒரு நாள் காய் வாங்கப் போனவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கடை இருந்த இடம் அவள் மாமனாருடையது. அவர் செங்கல்பட்டுக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டு இருக்கிறவர். காரியம் முடிந்த அன்று அவர் தன்மையாகத்தான் சொன்னார்: "தைக்குள்ள பாப்போம்மா. ஓடுச்சின்னா ஓடட்டும். இல்லன்னா வூட்டுக்கு வந்துடு. எடத்த யாருக்காச்சும் வுட்டுக்கலாம்."

அக்காவுக்கு அந்த வீட்டுக்குப் போக இஷ்டமில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. "அங்க போனா நான் ஒரு மூலைல ஒக்காந்துக்கினு, யாரு வூட்டுக் கல்யாணத்துக்குப் போலாம், போவக்கூடாதுன்னு பாத்துக்கினு இருக்கணும். இங்கன்னா நாலு பேரு பசின்னு வரான், நான் போட்றேன்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். பதினேழாம் நாள் காலை அவளே ஷட்டரைத் தூக்கினாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் தைக்குள் கடை ஓடுகிறது என்று காட்டுவதுதான். உள்ளூர்க்காரர்களும் ஆட்டோக்காரர்களும் வந்தார்கள். கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிற வண்டிகள் வரவில்லை. துக்கம் நடந்த வீடு, மெதுவாகத்தான் வருவார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வண்டியிலேயே போனைத் தட்டி, மூடிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு மாமல்லபுரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்கு ஒரு தனி அவமானம் இருந்தது. நான் சம்பளம் வாங்குவதே போனில் அப்படிக் காட்டிய அந்த வரைபடத்தில்தான். நேரடியாக அந்தக் கம்பெனியில் இல்லை. அவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்து, அந்த இன்னொருவர் வேறொருவருக்குக் கொடுத்து, கடைசியில் சிறுசேரியில் ஏழாவது மாடியில் எங்களிடம் வந்து சேர்கிற வேலை. ஊரில் போகிற வருகிறவர்கள் படம் எடுத்து, இங்கே கடை மாறிவிட்டது, இங்கே கடை மூடிவிட்டது என்று வரைபடத்துக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்துச் சரி, தவறு என்று நாங்கள் அழுத்த வேண்டும். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். முப்பது வினாடிக்கு மேல் யோசித்தால் அது மஞ்சளாகும். மஞ்சள் அதிகமானால் டீம் லீடு கூப்பிட்டுப் பேசுவார். ஒரு கடையை மூடுவதற்கு ஒரு பொத்தான், திறப்பதற்கு மூன்று பக்கம் கேள்வி. மூடிய கடையைத் திறந்திருக்கிறது என்று காட்டினால் தேடி வருகிறவன் ஏமாந்து திட்டுவான். திறந்த கடையை மூடியது என்று காட்டினால் அவன் அடுத்த கடைக்குப் போவான், யாரும் திட்டமாட்டார்கள். கம்பெனிக்கு எது வசதி என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே அக்கா கடை வாசலில் நின்று, பொதுஜனம் அனுப்புகிற மாதிரி நானும் அனுப்பினேன். கடை திறந்திருக்கிறது, இதோ படம், இதோ வடை, இதோ சாப்பிடுகிறவர்கள். நான் குடியிருக்கிற ஊரப்பாக்கத்துக்குப் போகிற பேருந்தில் கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. "உங்கள் பங்களிப்புக்கு நன்றி. உங்கள் பரிந்துரையை ஏற்க இயலவில்லை." காரணம் கிடையாது. அதன் கீழே, இந்தப் பதில் உங்களுக்கு உதவியாக இருந்ததா என்று கேட்டு இரண்டு கட்டைவிரல் படம். கீழ்நோக்கிய விரலை அழுத்தினேன். அதற்கும் நன்றி சொன்னது.

அடுத்த வழி, உரிமையாளராக உள்ளே போய்த் திருத்துவது. உரிமையாளர் மாமா. அவருடைய கணக்கு அவர் போனில் இருந்தது. போன் அக்காவிடம் இருக்கிறது, அதைத் திறக்க விரலால் இழுக்கிற கோடும் அவளுக்குத் தெரியும். ஆனால் கடைக் கணக்குக்குள் போகக் கடவுச்சொல் கேட்டது. மாமா அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், பழைய ஒரு மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த மின்னஞ்சலுக்குள் போனால், பாதுகாப்புக்காக உங்கள் கடைக் கணக்கில் உறுதிசெய்யுங்கள் என்றது. இது அதைக் கை காட்டுகிறது, அது இதைக் கை காட்டுகிறது. இறந்தவரின் கணக்குக்கு என்று ஒரு தனிப் படிவம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். இறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றொப்பத்தோடு ஏற்றச் சொன்னது. ஏற்றினேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்றது. சிறிதாக்கினேன். எழுத்து தெளிவாக இல்லை என்றது.

இந்த எந்திரங்கள் கெட்டுப்போவதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. நான் அதற்குள் வேலை செய்கிறவன், கெட்டுத்தான் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதன் மரியாதைதான். எங்கள் ஊரில் ஒருவன் வேலையைச் செய்து தரமாட்டான் என்றால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுந்து வந்துவிடலாம். இது "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று சொல்லிச் சொல்லி வரிசையிலேயே நிற்க வைக்கிறது. ஐப்பசி முழுக்க நான் வேலைக்குப் போகிற ஷட்டில் வண்டியில், ஊரப்பாக்கம் ரயிலடியில், சாப்பாட்டு இடைவேளையில், கழிவறையில் என்று என் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் கால் ஆடுவதைப் பார்த்து, "அண்ணாத்த, உனுக்கு இன்னா அவசரம், வண்டி அது வேகத்துலதான் போவும்" என்றார். கால் ஆடுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாக ஒரு வழி கிடைத்தது. கடையை நடத்துகிறவர் இவர்தான் என்று வீடியோ எடுத்து அனுப்பலாம். நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முதலில் தெரு, பிறகு பெயர்ப் பலகை, பிறகு நடத்துகிறவர் தன் கையால் பூட்டைத் திறந்து உள்ளே போவது. அக்காவிடம் விளக்கிச் சொன்னேன்.

"தொறந்துகீற கடைய மூடிட்டு, திரும்பத் தொறந்து காட்டணுமா?"

"ஆமாக்கா."

"நல்லா கீதுடா உங்க கத" என்றாள். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆட்டோக்காரர்களை வெளியே கூப்பிட்டு, கை கழுவாமலே சந்தில் நிற்க வைத்து, ஷட்டரை இறக்கினாள்.

ஷட்டர் இறங்கியதும் மாமா முகம் வந்தது. அவர் போன அன்று கூட்டாளிகள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கடை திறந்திருக்கும்போது அது ஷட்டரோடு சுருண்டு மேலே போய்விடும், யாருக்கும் தெரியாது. தினமும் சுருட்டிச் சுருட்டி மடிப்பு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்திருந்தது. கிழிகிற இடத்தில் அக்கா மைதாப் பசை தடவி ஒட்டி வைப்பாள். காலையில் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, சாத்தும்போது ஒரு தடவை அவரைப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை. அன்று புடவையைச் சரிசெய்துகொண்டு, கேமரா முன்னால் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, "போதுமா?" என்றாள். கடலோரத்து சிக்னலில் அந்த வீடியோ மூன்று தடவை பாதியில் நின்றது. நான் ஈசிஆர் வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து ஏற்றினேன்.

மறுநாள் மறுத்துவிட்டார்கள். "கிடைத்த ஆதாரத்தின்படி இவ்விடம் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது."

அந்த வரியை நான் ஷட்டிலில் வைத்துப் படித்தேன். யார் இந்தக் கண்ணில்லாதவன் என்று மனசுக்குள் திட்டினேன். அவன் இடத்தில் உட்கார்ந்து, அவன் திரையில் என்ன பார்த்திருப்பான் என்று யோசித்தேன். முப்பது வினாடி. முழு வீடியோவை யார் பார்க்கிறார்கள், முதல் காட்சியைத்தான் பார்ப்போம். இறக்கிய ஷட்டர். ஷட்டரில் மாலை போட்ட படம். காரியம் முடிவதற்குள் யாரோ எடுத்து அனுப்பி, முதல் தடவை கடையை மூடியதும் இதே படமாகத்தான் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஏழாவது மாடிக்குப் போய், போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். திரையில் மட்டும் படிக்கக்கூடிய புத்தகம் அது. தமிழ்நாட்டுப் பகுதிக்கான துணை விதிகளில் நான் தேடியது இருந்தது. இறந்தவரின் படத்தோடு அஞ்சலி போஸ்டர் மூடிய கதவில் ஒட்டப்பட்டிருந்தால் உரிமையாளர் காலமானதாகக் கொள்க, கடை நிரந்தரமாக மூடப்பட்டதாகக் குறிக்க. பக்கத்தில் மாதிரிக்கு ஒரு படம். அதை எழுதக் காரணம் நான்.

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது. டீம் லீடு வெளி மாநிலத்துக்காரர். தமிழ்நாட்டுப் படங்களில் சுவரெல்லாம் முகமாக இருக்கிறதே, இவர்களெல்லாம் அரசியல்வாதிகளா என்று கூட்டத்தில் கேட்டார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து ஏழாவது மாடிக்கு வந்த எனக்கு அந்தக் கூட்டங்களில் வாயே திறக்காது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்தது. எழுந்து சொன்னேன். அரசியல் இல்லை, இது இறந்தவருக்கு ஒட்டுவது, கடை ஷட்டரில் இருந்தால் பெரும்பாலும் அந்தக் கடைக்காரராகத்தான் இருக்கும் என்றேன். "அப்படியென்றால் கடை நிரந்தரமாக மூடியதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் "யெஸ்" என்றேன்.

எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் எந்தக் கடையும் காரியம் முடிகிற வரைக்கும்தான் மூடியிருக்கும். பிறகு பெண்டாட்டி திறப்பாள், தம்பி திறப்பான், யாராவது திறப்பார்கள். படம் மழையில் கரைகிற வரைக்கும் அப்படியே இருக்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல நாலைந்து வாக்கியம் ஆங்கிலத்தில் வேண்டும். என்னிடம் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைதான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளூர் அறிவுக்காக எனக்கு ஒரு பாராட்டு மடல் வந்தது. அதை அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாள்.

உள்ளேயே சரிசெய்துவிடலாம் என்று முயன்றேன். சொந்தக்காரர் கடையை நான் தொடக்கூடாது, தொட்டால் வேலை போய்விடும். ஆகவே விதியை மாற்றச் சொல்லி எழுதினேன். காரியம் என்றால் என்ன, பதினாறு நாள் என்றால் என்ன என்று இந்தத் தடவை நிதானமாக, அகராதி பார்த்து ஒரு பக்கம் எழுதினேன். அது டீம் லீடிடம் போய், அவருக்கு மேலே போய், நான் பார்த்தேயிராத ஒரு நாட்டிலுள்ள கொள்கைக் குழுவுக்குப் போனது. பதில் வந்தது. இந்த விதிக்கு எதிராகப் புகார்கள் மிகக் குறைவு, மாற்றத் தேவை எழவில்லை. மூடியதாகக் காட்டினால் யார் புகார் தருவார்கள்? தரத் தெரிந்த கடைக்காரர்தான் இறந்துவிட்டாரே. இதை எழுதி அனுப்பக் கை வந்தது, அனுப்பவில்லை. எனக்கும் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது.

வெளியே சட்டம் இருக்கிறது என்று சொன்னார்கள். இருக்கிறது. கம்பெனிகள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள், அவருக்கு எழுத ஒரு படிவமும் இருக்கிறது. எழுதினால் உடனே ஒரு எண் வருகிறது. பிறகு அந்த எண் முடிக்கப்பட்டது என்று இன்னொரு அஞ்சல் வருகிறது. நடுவில் ஒரு மனுஷன் படித்தானா என்று கேட்க வழியில்லை. சட்டம் போட்டவர்களுக்கும் படிவம் இருந்தால் போதும், கம்பெனிக்கும் படிவம் இருந்தால் போதும். இரண்டு பேருக்கும் மனசு நிம்மதியாகிவிடுகிறது. முன்பெல்லாம் இந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தினால் வளர்ச்சி போய்விடும் என்று அலுவலகத்தில் யாராவது பேசினால் நானும் தலையாட்டுவேன். இப்போது கட்டுப்படுத்துகிறோம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு அதே சந்தேகம்தான் வருகிறது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நுகர்வோர் புகார் வாங்குகிற ஒரு அலுவலகத்துக்கும் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் கம்பெனிக்கு உங்கக்கா காசு கட்னாங்களா?" என்றார்.

"இல்ல சார், அது இலவசம்."

"அப்ப எந்தக் கணக்குல எழுதறது? காசு கட்டியிருந்தாதான் நீ கஸ்டமர். நீ கஸ்டமரே இல்லயேப்பா."

எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, தன் போனை என்னிடம் நீட்டினார். பேத்தியின் படங்களெல்லாம் ஒரு கணக்கில் இருந்தன, திடீரென்று பூட்டிவிட்டார்கள், நீ கம்ப்யூட்டரில்தானே இருக்கிறாய், ஏதாவது செய்ய முடியுமா என்றார். அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து முயன்றேன். முடியவில்லை. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

மார்கழிக் கடைசியில் அக்காவின் மாமனார் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார், இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினார். கை கழுவி வந்து துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க ஊரு ஆளு ஒருத்தன் போன்ல காட்னான்மா. கடைய மூடிட்டன்னு போட்டுக்கீது. ஓடல போல, சொல்ல சங்கடப்பட்டுக்கினு கீறேன்னு நெனச்சேன். ஒருத்தர்கிட்ட எடத்தப் பத்திப் பேசிக்கூட வச்சிட்டேன்."

"மாமா, இப்ப எங்க ஒக்காந்து துன்னீங்க?" என்றாள் அக்கா.

"இங்கதாம்மா துன்னேன். அது தெரியுது. ஆனா ஊரெல்லாம் பாக்கற போன்ல அப்டி போட்டுக்கீதே. போட்ட பிறவு யாரு வருவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நிஜமாகவே வெளியூர்க்காரர்கள் யாரும் வரவில்லை. தை பிறந்து ஒரு வாரம் வரைக்கும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். அக்கா அவர் சாப்பிட்ட இலையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஒரு வழி தெரியும். ஐப்பசியிலிருந்தே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. பழைய கடையை மூடியதாகவே விட்டுவிட வேண்டும். அதே இடத்தில் புதுக் கடை ஒன்று, புதுப் பெயரில், புது ஆள் நடத்துவதாகப் போட வேண்டும். புதுக் கடையை இந்த வரைபடத்துக்கு ரொம்பப் பிடிக்கும். அதே பெயரில் போட்டால் நகல் என்று தள்ளிவிடும். பலகையில் மாமா பெயர் போக வேண்டும். ஷட்டரில் அந்தப் படமும் போக வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். பெயர் மாறுவதை அவள் உடனே ஒத்துக்கொண்டாள். "படம் இன்னாடா பண்ணுச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை. கூட்டம், டீம் லீடு கேட்ட கேள்வி, நான் சொன்ன வார்த்தை, பாராட்டு மடல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மடலைத்தான் அம்மா மாட்டி வைத்திருக்கிறாள் என்றும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் ட்ரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புரிந்துகொள்ள முயல்கிற முகத்தோடு கேட்டாள்: "அப்ப நீ ஒரு வார்த்த சொன்னதும் கேட்டுக்கினாங்க. இப்பவும் அதே நீதான சொல்ற, ஏன் கேக்க மாட்டேன்றாங்க?"

படத்தை எடுக்க நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

அவள் ஒரு குண்டானில் சுடுதண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து ஷட்டரில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அவளே தடவிய பசை, நன்றாகப் பிடித்திருந்தது. கிழியாமல் எடுக்கப் பார்த்தாள். நெற்றியும் ஒரு கண்ணும் ஷட்டரிலேயே தங்கிவிட்டன. அதைக் கரண்டியால் சுரண்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சுரண்டினேன். மறுநாள் பெயின்டர் வந்து பலகையில் மாமா பெயரை அழித்து அவள் பெயரை எழுதினார்.

புதுக் கடையைப் பதிந்தேன். அதிலும் படிவம் விடவில்லை. வார விடுமுறை என்ன கிழமை என்று கேட்டது. அமாவாசைக்கு லீவு என்று போட அதில் இடமில்லை. எல்லா நாளும் திறந்திருக்கும் என்று பொய் சொன்னேன். வீடியோ எடுத்தோம், சுத்தமான ஷட்டர், புதுப் பலகை. ஈசிஆரில் நின்று ஏற்றிவிட்டு, ஒரு டீ சொல்லி, டீ ஆறுவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது. "வாழ்த்துகள்" என்று வண்ணத் தாள்கள் பறக்கிற படம் வேறு. நான்கு மாதமாக மாமாவின் கடையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியவனுக்கு இதைப் பார்க்க ஆத்திரமாகத்தான் இருந்தது.

வண்டிகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு ஞாயிற்றுக்கிழமை சந்து அடைக்கிற அளவுக்கு. சொன்ன கெடு முடிந்து மாமனார் வந்தார். உட்கார இடமில்லாமல் வாசலில் பத்து நிமிஷம் நின்றார். இடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் புது அறுப்பு அரிசி இரண்டு மூட்டை கடைக்கு அனுப்பி வைத்தார். கடை அக்காவுக்குத்தான் என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டார். எனக்கு நான்கு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூக்கம் வந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, கூட்டம் வடிந்த மத்தியானத்தில் நான் சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா எனக்குப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, முறத்தில் நாளைக்கு வேண்டிய பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வேலையை விடாமலேயே கேட்டாள்.

"டேய், அந்த ரூலு இன்னும் அப்டியேதான் கீதா?"

"அப்படியேதாங்கா இருக்கு."

"எத்தினி கட மூடியிருப்பீங்க அதுல?"

"தெரியலக்கா." உண்மையிலேயே தெரியாது. நானே எத்தனை அழுத்தினேன் என்று கூட எனக்குத் தெரியாது. முப்பது வினாடிக்கு ஒன்று. மூடிய ஷட்டர், ஒரு முகம், அழுத்து, அடுத்தது. அந்த முகங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "எனுக்கு நீ கீற. படத்த எடு, பேர மாத்து, புதுசா போடுன்னு சொன்ன. அந்தக் கடைங்கள்ல கீற பொம்பளைங்களுக்கு யாருடா சொல்லுவா? கூட்டம் ஏன் வரலன்னே தெரியாம, அவங்க பாட்டுக்கு டெய்லி அடுப்பு பத்த வச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருப்பாங்களே."

நான் குழம்பைப் பிசைந்தேன். மறுநாள் காலை அதே பொத்தான் முன்னால் எனக்கு ஷிஃப்ட் இருந்தது.